கைப்பொருளுக்கு வாடகை: வீட்டு இசை வழங்கியும் ஆய்வுலகின் அலட்சியமும்

தில்லியின் கிழக்குக் கிட்வாய் நகரில் ஓர் அரசுக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். கூடத்து அலமாரியில் ஒரு வன்தட்டு. அதில் ஆயிரக்கணக்கான பாட்டுகள். பத்தடி தள்ளி, படுக்கையறையில் ஓர் ஒலிபெருக்கி. இந்தப் பத்தடியைப் பாட்டு கடப்பதற்கு முன், கேட்பவர் யார் என்பதை வேறொரு கண்டத்தில் இருக்கும் நிறுவனத்தின் கணினி உறுதிசெய்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இன்று பல வீடுகளில் இயல்பாகிவிட்டது. இணையம் அறுந்தால் சொந்த அலமாரியில் உள்ள சொந்தப் பாட்டும் ஊமையாகும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தகவல் தொடர்புத் துறை அமைச்சரான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையிலான தொடர்பே அயலார் தயவில் நடக்கிறது.

இதைத் தொழில்நுட்ப ஆர்வலர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் என ஒதுக்கிவிடும் போக்கு தமிழாய்வுலகில் வலுவாக உண்டு. வீட்டில் இசையைச் சேமித்து அறைதோறும் கேட்க உதவும் வழங்கி மென்பொருள், அதாவது பேச்சுவழக்கில் ‘மியூசிக் சர்வர்’, எது நல்லது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஆய்வாளர்களே தரும் விடைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, திரை அழகாக இருக்கிறது என்பது. மற்றொன்று, மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது என்பது. இரண்டும் பிழையான அளவுகோல்கள். நிற்காமல் ஓடுவது இயந்திரத்தின் நம்பகம். தொகுப்பின் நம்பகம் வேறு. மென்பொருள் நின்றுபோன மறுநாள் என்ன மிஞ்சுகிறது என்பதே தொகுப்பைப் பொறுத்த கேள்வி. எல்லா மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகும் என்பதால் இக்கேள்வியிலிருந்து எவருக்கும் விலக்கில்லை.

கிட்வாய் நகர் போன்ற இடம் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. அது அரசு ஊழியர்க்கு ஒதுக்கப்படும் குடியிருப்பு. பதவி இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் குறித்த காலத்துக்குள் காலிசெய்ய வேண்டும். பழைய தாழ்வான வீடுகள் இடிக்கப்பட்டு, பொதுத்துறை நிறுவனமான என்பிசிசி எழுப்பிய அடுக்குமாடிகள் இன்று அங்கு நிற்கின்றன. அருகிலேயே, லட்சுமிபாய் நகரில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது; சற்றுத் தொலைவில், ராமகிருஷ்ணபுரத்தில், தில்லித் தமிழ்ச் சங்கம். இந்த வட்டாரத்து அரசு ஊழியர் வீடுகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வந்தும் போயும் இருக்கின்றன. வீடு நிலையில்லாத இடத்தில், வீட்டில் சேர்ந்த ஒலியும் நிலையில்லாததாகிறது. ஒவ்வொரு இடமாற்றமும் ஒவ்வொரு ஓய்வும் எதை எடுத்துச் செல்வது, எதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போடுவது என்ற தீர்ப்பு நாளாகும். கேசட்டுகள் அத்தீர்ப்பில் பெரும்பாலும் தோற்றவையே.

தோற்றவை எவை என்பதை ஆய்வுலகம் எண்ணிப் பார்க்க வேண்டும். அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தியது. இவ்விரண்டும் ஒரு வீட்டில் சந்தித்தபோது, வானொலியில் வந்த கச்சேரியை வீட்டிலேயே பதிந்துகொள்ளும் பழக்கம் பிறந்தது. அந்த நாடாக்களில் கச்சேரி மட்டும் இல்லை. அறிவிப்பாளரின் தமிழ், பாட்டுக்கிடையே வீட்டார் பேசிய பேச்சு, குழந்தைக்குப் பாடிய தாலாட்டு, கொலுவில் பக்கத்து வீட்டுப் பெண் பாடிய பாட்டு ஆகியனவும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். வணிக இசைத்தட்டு வெளியிடுபவர் வெட்டியெறியும் பகுதிதான் மொழியியலாளருக்கு முதன்மைத் தரவு. பாலக்காட்டுத் தமிழும் தஞ்சைத் தமிழும் நெல்லைத் தமிழும் இந்திச் சூழலில் எவ்வாறு உரசிக் கலந்தன என்பதற்கு இத்தகைய தற்செயல் பதிவுகளைவிட இயல்பான சான்று கிடைப்பது அரிது. பேசுபவர் தாம் ஆராயப்படுவதை அறியாத நிலையில் பேசிய பேச்சு அது. களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் ஒலிவாங்கியை நீட்டியதும் மறைந்துபோகும் பேச்சு.

எதிர்வாதங்களில் முதலாவது, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது. கிடைப்பதற்கும் நிலைப்பதற்கும் உள்ள தொலைவை இந்தியாவின் அண்மை வரலாறே அளந்து காட்டியிருக்கிறது. ஃபிளிப்கார்ட் 2012இல் ‘ஃபிளைட்’ என்ற பாட்டுக் கடையைத் திறந்து 2013இல் மூடியது. ‘திங்கானா’ 2014இல் நின்றது; அதை வாங்கிய அமெரிக்க நிறுவனமான ‘ஆர்டியோ’ அடுத்த ஆண்டே நொடித்துப்போனது. ‘கூகுள் பிளே மியூசிக்’ 2020 இறுதியில் மூடப்பட்டது. ‘ரெஸ்ஸோ’ இந்தியாவில் 2024 ஜனவரியோடு விடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், ‘விங்க் மியூசிக்’ செயலியை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் இத்தனை. இவற்றுள் ஃபிளைட்டின் முடிவு தனித்துப் பார்க்கத் தக்கது. அது பூட்டில்லாத எம்பி3 கோப்புகளாகப் பாட்டை விற்றது. அதனால் கடை மூடிய பின்னும், இறக்கி வைத்துக்கொண்டவரிடம் பாட்டு தங்கியது. மற்றச் சேவைகளில் மாதச் சந்தா கட்டியவரிடம் எஞ்சியது நினைவு மட்டுமே. விற்றவர் போன பின்னும் வாங்கியவர் கையில் பொருள் இருந்தால் அது விற்பனை. விற்றவரோடு பொருளும் போனால் அது வாடகை.

மேலும், ஸ்ட்ரீமிங் சேவையில் ‘எல்லாம்’ இருக்கிறது என்பதே பொய். அங்கு இருப்பவை வெளியிடப்பட்டவை. கிட்வாய் நகர்க் கேசட்டில் இருப்பது வெளியிடப்படாதது. அதைத் தேட எந்தச் சேவையிலும் தேடற்பெட்டி இல்லை.

இரண்டாவது வாதம், நல்ல நிறுவனத்தின் பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் தொல்லை இல்லை என்பது. வீட்டு இசை வழங்கியின் வரலாற்றிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல் வலையமைப்பின் வழியே பாடும் ‘ஸ்லிம்பி3’ என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலான ‘ஸ்குவீஸ்பாக்ஸ்’ பெரும் புகழ் பெற்றது. 2006இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. 2012இல் அந்த வரிசையையே நிறுத்தியது. அப்பெட்டிகளுக்கான இணையச் சேவையை 2024இல் மூடியது. ஒரு பொருளின் பிறப்பு, விற்பனை, கைவிடல் என்ற மூன்று கட்டங்களும் இதில் முழுமையாக நடந்தேறின. ஆயினும் அப்பெட்டிகள் இன்றும் வீடுகளில் பாடுகின்றன. காரணம் நிறுவனத்தின் கருணை அன்று. பெட்டிக்குப் பாட்டளிக்கும் வழங்கி மென்பொருள் தொடக்கம் முதலே ஜிபிஎல் உரிமத்தில், மூலநிரல் திறந்த நிலையில் இருந்தது. பயனர் சமூகம் அதைத் தொடர்ந்து பேணியது. 2024இல் ‘லிரியான் மியூசிக் சர்வர்’ என்ற புதுப்பெயரோடு அது வாழ்கிறது.

திறக்கப்படாத மென்பொருளின் கதை வேறுவிதமானது. சோனோஸ் நிறுவனம் 2024 மே மாதம் தன் பழைய செயலியை நீக்கிப் புதியதைத் திணித்தது. அதுவரை இருந்த பல வசதிகள் ஒரே நாளில் காணாமற்போயின. வீட்டு வலையமைப்பில் உள்ள சொந்தத் தொகுப்பைக் கையாளும் வசதியும் அடிபட்டவற்றுள் ஒன்று. ஒலிபெருக்கிக்குப் பெருந்தொகை கொடுத்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பொருள் தங்கள் ஒப்புதலின்றி மாறியதைக் கண்டனர். எதிர்ப்பின் விளைவாக 2025 ஜனவரியில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். வசதிகள் தவணை முறையில் திரும்பின. இதே காலத்தில், பலர் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் ‘பிளெக்ஸ்’, 2022 ஆகஸ்டில் தன் கணக்குத் தரவுகள் கசிந்ததாக அறிவித்துப் பயனரின் கடவுச்சொற்களை மாற்றச் செய்தது. 2025 ஏப்ரலில், சொந்த வீட்டுக் காணொளியை வெளியூரிலிருந்து பார்ப்பதைக் கட்டணச் சேவையாக்கியது. ஆயுள் சந்தாவின் விலையை 120 டாலரிலிருந்து 250 டாலராக்கியது. கோப்புகள் வீட்டில், கணினி வீட்டில், மின்கட்டணம் வீட்டுக்காரருடையது. சாவி மட்டும் நிறுவனத்திடம்.

இதற்கு மறுமொழியாக, திறமூல மென்பொருளும் கைவிடப்படுவதில்லையா எனக் கேட்கப்படும். கைவிடப்படும். வேறுபாடு கைவிடப்பட்ட பின் நடப்பதில் இருக்கிறது. சிந்த்ரே மெஹுஸ் எழுதிய ‘சப்சோனிக்’ திறந்த உரிமத்தில் வளர்ந்தது. 2016இல் அதன் ஆறாம் பதிப்போடு மூலநிரல் மூடப்பட்டது. மூடுவதற்கு முந்தைய நிரலிலிருந்து ‘லிப்ரேசோனிக்’ கிளைத்தது, அதிலிருந்து 2017இல் ‘ஏர்சோனிக்’ கிளைத்தது. அதைவிட முக்கியமானது, வழங்கியும் கைப்பேசிச் செயலியும் பேசிக்கொள்ளும் சப்சோனிக் நெறிமுறை பொதுச்சொத்துப்போல் ஆகிவிட்டது. நிரலை வேறொரு மொழியில் முற்றிலும் புதிதாக எழுதிய ‘நாவிட்ரோம்’ அதே நெறிமுறையைப் பேசுகிறது. ஆகவே பழைய செயலிகள் புதிய வழங்கியோடு வேலைசெய்கின்றன. 2023 முதல் ‘ஓப்பன் சப்சோனிக்’ என்ற பெயரில் அந்நெறிமுறையே கூட்டாக விரிவாக்கப்படுகிறது. ‘எம்பி’ என்ற வழங்கி 2018இல் மூடிய உரிமத்துக்கு மாறியபோது, அதே ஆண்டு டிசம்பரில் ‘ஜெல்லிஃபின்’ பிரிந்து வளர்ந்தது. மரத்தை வெட்டினாலும் பதியம் போட உரிமை இருந்தது என்பதே இவ்வரலாறு சொல்வது. அவ்வுரிமை இல்லாத மென்பொருளை நம்பி ஒரு தொகுப்பை ஒப்படைப்பது, வாரிசுரிமை இல்லாத நிலத்தில் வீடு கட்டுவதற்கு ஒப்பு.

இங்கிருந்து நான்கு சோதனைகள் பிறக்கின்றன. கோப்புகளைத் தொடாமல் படிக்க மட்டும் செய்கிறதா? உள்நுழையும் கணக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? செயலியை மாற்றினாலும் வழங்கி நிலைக்கும்படி நெறிமுறை திறந்ததா? ஆசிரியர் கைவிட்டாலும் பிறர் தொடர உரிமம் இடம் தருகிறதா? இந்நான்கில் ஒன்றில் தவறினாலும் அம்மென்பொருள் அழகுப் போட்டிக்கு உரியதே தவிரத் தொகுப்புக்கு உரியதன்று.

ஐந்தாவது சோதனையை ஆங்கில உலகின் ஒப்பீட்டுப் பட்டியல்கள் எழுப்புவதே இல்லை. தமிழில் பெயரிட்ட கோப்பைத் தமிழில் தேடினால் கிடைக்கிறதா என்பதே அது. இதை மொழியியல் மாணவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத மென்பொருளுக்கு அவை இருவேறு சொற்கள். ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிப்பது. ஆகவே ஒரு கணினியில் பெயரிட்ட ‘கொலு’ மற்றொரு கணினியில் தேடும்போது இல்லாமற்போகலாம்.

இதைவிடக் கேடானது மேற்குறி நீக்கம். பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களின் மேற்குறிகளை விலக்கித் தேடலை எளிதாக்க, ஒருங்குறியில் ‘இடம்பெயராக் குறி’ என வகைப்படுத்தப்பட்ட அனைத்தையும் நீக்கும் நிரல்கள் உண்டு. அவ்வகைப்பாட்டில் தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் அடங்கும். ஆகாரமும் இகரமும் அடங்கா. விளைவாக அத்தகைய நிரலில் ‘வீணை’ என்பது ‘வணை’ ஆகும். ‘கல்யாணி’ ‘கலயாணி’ ஆகும். ‘வீடு’ தேடினால் ‘வடு’வும் சேர்ந்து வரும். பிரெஞ்சுக்காரருக்கு மேற்குறி நீங்கினால் உச்சரிப்பு சற்று மாறும். தமிழில் மெய் உயிர்மெய் ஆகிறது, நெடில் அகரமாகிறது, சொல்லே வேறாகிறது. தொல்காப்பியம் புள்ளிக்கு நூற்பா வகுத்திருக்கும் மொழியின் ஆய்வாளர்கள், புள்ளியைத் தின்னும் மென்பொருளை ‘நன்றாக இருக்கிறது’ எனப் பரிந்துரைப்பது வேடிக்கை. பழைய குறியாக்கங்களில் பெயரிட்ட கோப்புகளின் நிலை இன்னும் மோசம். டிஸ்கி, டேப், டேம் என்னும் குறியாக்கங்களில் எழுதிய பாட்டுப் பெயர்கள் இன்றைய திரையில் லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. ஒருங்குறிக்கு மாற்றாமல் அவற்றை எந்த வழங்கியில் ஏற்றினாலும் பயனில்லை.

பெயர்முறையிலும் இதே அயன்மை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு அகரவரிசைப்படுத்தும் மென்பொருள், செம்மங்குடி சீனிவாச ஐயரையும் முசிரி சுப்பிரமணிய ஐயரையும் ‘ஐயர்’ என்ற ஒரே கொட்டிலில் அடைக்கும். அரியக்குடியும் செம்மங்குடியும் ஊர்ப்பெயர்கள். ரசிகர் அவர்களை அழைத்ததும் ஊர்ப்பெயரால்தான். ‘ஆல்பம்’ என்ற அலகும் இசைத்தட்டு வணிகத்தின் குழந்தை. கச்சேரிக்கு அலகு வேறு. பாடியவர், வயலின், மிருதங்கம், ராகம், தாளம், இயற்றியவர், இடம், நாள் ஆகியன இல்லாமல் ஒரு கச்சேரிப் பதிவு ஆய்வுக்கு உதவாது. இவற்றைக் கோப்புக்குள்ளேயே மீதரவாக எழுதி வைக்க வேண்டும்; மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் மட்டும் எழுதக் கூடாது. ‘ஃபிளாக்’ வடிவம் தன் குறிச்சொற்களை ஒருங்குறியிலேயே வைத்திருக்கிறது. 2001இல் பிறந்த அவ்வடிவம் 2024 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் முறையான ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. கோப்புக்குள் இருக்கும் பெயர் கோப்போடு பயணம் செய்யும். தரவுத்தளத்தில் இருக்கும் பெயர் மென்பொருளோடு புதையும்.

மூன்றாவது எதிரணி மறுமுனையில் நிற்கிறது. அது வல்லுநர்களின் அணி. ஒரு பாட்டுக் கேட்கப் பன்னிரண்டு கொள்கலன்களையும் மூன்று கண்காணிப்புத் திரைகளையும் நிறுவி, அதை நம்பகம் எனப் பெயரிடுவோர் உண்டு. நிறுவியவர் வெளியூர் சென்ற நாளில் வீட்டிலுள்ள முதியவர் அதை மீண்டும் இயக்க முடியாவிட்டால் அது நம்பகம் அன்று, நிறுவியவரின் தற்பெருமை. தில்லிக் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடும், மின்சாரம் போகும், இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கணநேர இடைவெளியிலேயே சிறு கணினி அணைந்து எழும். நினைவக அட்டையில் இயங்கும் சிறு கணினிகள் இத்தகைய திடீர் அணைப்புகளில் அட்டையைப் பழுதாக்கிக்கொள்வது வழக்கம். இதற்கு விடை விலையுயர்ந்த பெட்டி அன்று. மின்கலம் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய மடிக்கணினி போதும். அதன் மின்கலமே தடையில்லா மின்வழங்கி. ஐந்து வாட் உண்ணும் சிறு கணினியானாலும் ஆண்டு முழுதும் ஓடினால் செலவு ஏறத்தாழ 44 யூனிட் மட்டுமே. பணம் இங்குத் தடையன்று.

ஆகவே தேர்வு பெரும் புதிரன்று. மீதரவைச் செம்மையாக எழுதிவைத்த தொகுப்புக்கு நாவிட்ரோம் பொருந்தும். ஒற்றை நிரற்கோப்பு, ஒற்றைத் தரவுத்தளக் கோப்பு; இசைக் கோப்புறையைப் படிக்க மட்டும் உரிமை கொடுத்தாலும் அது ஓடும்; கணக்கு வீட்டுக்குள் இருக்கும். ராகம், தாளம் போன்ற தனிக் குறிச்சொற்களை வரையறுக்கவும் 2025 முதல் அது இடம் தருகிறது. அதன் குறை, கோப்புறை வாரியாக உலவுவதை அது முதன்மையாகக் கொள்ளாமை. மீதரவு இல்லாத கேசட் குவியலைக் கோப்புறைப் பெயரைக் கொண்டே கேட்க வேண்டியவர்க்கும், பல அறைகளில் ஒரே நேரத்தில் ஒத்திசைவாகக் கேட்க வேண்டியவர்க்கும் லிரியான் ஏற்றது. அதன் திரை பழையது, உழைப்பு புதியது. நிகழ்ச்சிக் காணொளிகளும் சேர்ந்திருந்தால் ஜெல்லிஃபின். ஓர் அறை, ஓர் ஒலிபெருக்கி என்றால் 2003 முதல் இருந்துவரும் ‘எம்பிடி’யே போதும். இந்நான்கில் எதை எடுத்தாலும் பிறிதொன்றுக்கு மாறுவது ஒரு மாலை வேலை. கோப்புகள் அசையாமல் இருக்க, மென்பொருள் மட்டும் வந்து போகும். மாறிக்கொள்ள முடிவதே இங்கு நம்பகத்தின் மறுபெயர்.

வெளியூரிலிருந்து கேட்பதில் மட்டும் கவனம் தேவை. பல இணையச் சேவையாளர் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி தருவதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அதனால் வெளியிலிருந்து வீட்டு வழங்கியைத் தட்ட முடிவதில்லை. ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடுவதும் ஆபத்து. பொது முகவரியுள்ள ஓர் இடைக்கணினியின் வழியே அமைக்கும் ‘வயர்கார்டு’ வகைத் தனிச்சுரங்கம் இரண்டுக்கும் தீர்வு. ஆனால் வெளியூர்க் கேட்பு வசதியே. அதற்காக வீட்டுக் கேட்பை அயலாரிடம் அடகுவைக்கத் தேவையில்லை.

வழங்கி காப்பகம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒலிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் பழைய ஒலியை எண்ணிமமாக்கக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எனப் பரிந்துரைக்கிறது. அந்தத் தரத்தில் 90 நிமிடக் கேசட் ஒன்று சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட். ஐந்நூறு கேசட்டும் ஒரு டெராபைட் வட்டில் அடங்கும். அத்தகைய வட்டு மூன்று இருந்து, அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருந்தால் தொகுப்பு ஓரளவு பாதுகாப்பானது. கிட்வாய் நகரில் ஒன்று, கும்பகோணத்து உறவினர் வீட்டில் ஒன்று என்பது எந்த மேகச் சேவைக்கும் குறைந்த ஏற்பாடன்று.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவோர்க்கும் விடை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52இல், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை மீறலாகக் கருதுவதில்லை. வெளியிடப்பட்ட ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 60 ஆண்டு. ஒலிபரப்பின் மறுஆக்க உரிமைக்காலம் 25 ஆண்டு. பாடலாசிரியர் உரிமையும் பாடியவர் உரிமையும் தனித்தனி. வீட்டுக்குள் கேட்பதையும் ஊருக்கெல்லாம் பரப்புவதையும் ஒன்றெனக் குழப்புவோர் சட்டத்தையும் படிக்கவில்லை, தொகுப்பையும் மதிக்கவில்லை.

இறுதியாக, நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தில்லியில் சங்கீத நாடக அகாதெமியின் காப்பகம் இருக்கிறது. குருகிராமில், நசீர் ஜைராஸ்பாய் முயற்சியில் 1982இல் தோன்றிய இனவரைவியல் இசைக் காப்பகம் இருக்கிறது. அவற்றின் பணி மதிப்பு மிக்கது. ஆனால் ஒரு துணைச் செயலர் வீட்டுக் கேசட் பெட்டி தானாக நடந்து அவற்றின் வாசலுக்குப் போகாது. யாரோ ஒருவர் அதைப் பெயரிட்டு, அடுக்கி, கேட்கும் நிலையில் அதுவரை வைத்திருக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்கள் அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. நிறுவனம் வரும்வரை அவை ஒரு வீட்டில் உயிரோடு இருந்தன என்பதே அவ்வெற்றியின் முதற்படி. தாள் பொறுத்துக்கொண்டது. காந்த நாடா அவ்வளவு பொறுக்காது. கணக்குக்குள் பூட்டிய கோப்பு அறவே பொறுக்காது.

பல்கலைக்கழகங்களின் நிலையோ வெட்கத்துக்குரியது. நல்கை பெற்று இணையத்தளம் திறந்து, நல்கை முடிந்ததும் தளமும் முடிவது ஆய்வுலகில் எவருக்கும் புதிதன்று. ஆய்வேட்டில் அடிக்குறிப்பின் நிறுத்தற்குறிக்கு மதிப்பெண் குறைக்கும் துறைகள், அவ்வேட்டின் ஒலித்தரவு எந்த வடிவில், எத்தனை படிகளாக, யார் கணக்கில் இருக்கிறது எனக் கேட்பதில்லை. களப்பதிவு செய்யும் ஒவ்வொரு மாணவரிடமும் திறந்த வடிவக் கோப்பு, கோப்புக்குள் தமிழ் மீதரவு, ஈரிடத்துப் படி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுவது எந்தத் துறைக்கும் செலவில்லாத சீர்திருத்தம். வீட்டு இசை வழங்கியைச் சரியாகத் தேர்ந்து நடத்தத் தெரிந்த மாணவருக்கு இம்மூன்றும் முன்பே கைவந்திருக்கும்.

எந்த மென்பொருளைப் பற்றியும் விவாதிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒரு பாட்டைத் தமிழில் பெயர் எழுதித் தேட வேண்டும். பின்னர் அந்த மென்பொருளையே நீக்கிவிட்டுக் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். முதற்படியில் பாட்டும், இரண்டாம் படியில் பாட்டோடு அதன் பெயரும் விவரமும் கிடைத்தால் தேர்வு சரி. கிடைக்காவிட்டால், அங்கு இருப்பது தொகுப்பன்று. காலாவதி நாள் அச்சிடப்படாத வாடகைச் சீட்டு.